கந்தகத்தில் கறுத்த டோக்கன்

அன்று ஆமத்தூரில் எங்கள் வீட்டில் நானும், அம்மாவும், பழைய நாணயம் விற்கும் மதுரைக்காரனும் இருந்தோம். அப்பா பட்டாசு கம்பெனிக்குப் போயிருந்தார்.

எங்கள் மக்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்ட சீர்திருத்தவாதியின் முகம் பதித்த செப்பு டோக்கன்களை நான் சேர்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான். மதுரைக்காரன் நீட்டிய டோக்கன் கன்னங்கரேலென்று இருந்தது.

"எம்புட்டோ வருசத்துக் கறுப்பு தம்பி, தேச்சிராதீங்க" என்றான்.

"நம்மளப் படிக்க வச்ச சாமிலே, வாங்கு" என்று அம்மா அப்பாவின் தீபாவளி போனஸை எடுத்துக் கொடுத்தார்.

மறுவாரம் விருதுநகர் கண்காட்சியில் ஒரு சேகரிப்பாளர் அதை மோந்து பார்த்துச் சிரித்தார். "புதுச் செம்பைக் கந்தகத்துல கறுக்க வச்சிருக்கான். இந்த வாடை கூடவா தெரியல? வீட்டுல யாருக்கும் மூக்கு இல்லையாக்கும்?"

எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் சட்டை, தலையணை எல்லாமே கந்தகம்தான் மணக்கும். அப்பா இருந்திருந்தாலும் பிடிபட்டிருக்காது. அது தெரிந்துதான் அந்த அயோக்கியன் பட்டாசுத் தொழிலாளி வீடாகப் பார்த்து வந்திருக்கிறான். அதுவும் அந்தத் தலைவரின் முகத்தை வைத்தே!

இப்போதெல்லாம் எந்த டோக்கனையும் வீட்டில் வைத்து வாங்குவதில்லை. சூலக்கரையில் அலுவலக வேலை பார்க்கும் நண்பனிடம் மோந்து பார்க்கக் கொடுத்த பிறகே பணத்தை எடுக்கிறேன். இந்தப் புத்தி வருவதற்கு எங்களுக்கு ஆன செலவு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.