பதினொரு பேரும் இடப்பக்கம் பார்த்தார்கள்

நாடகக்காரர்கள் வசனத்தைப் ‘பாடம்’ என்பார்கள். எழுத்துத் தெரியாத நடிகரின் காதில் அந்தப் பாடத்தை ஏற்றிவிடும் வேலைக்கு ஊரில் பெயர் கிடையாது, தொண்டைக்கட்டு மட்டும் உண்டு. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் மிளகும் பனங்கற்கண்டும் வாயில் போட்டுக்கொண்டு படியுங்கள். குழந்தை தூங்கும்போது எழுதுகிறேன். நடுநடுவே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவதால் வரிகள் துண்டு துண்டாகத்தான் வரும்.

வேலைக்குச் சேர்ந்த விதம்

என் கணவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதுகிறவர். அவருக்குத் தெரிந்தவர்கள் ராயபுரத்தில் ஒரு நாடக மன்றம் வைத்திருந்தார்கள். கப்பல் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், ரயில்வே பட்டறைக்காரர் என்று பதினெட்டு நடிகர்கள். கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து, தேறினவர்களைப் படத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று பேச்சு வந்ததும், ஆறு வாரம் நடிப்புப் பயிற்சி வைப்பதென்று முடிவு செய்தார்கள். பயிற்சி கொடுக்க மதுரைப் பக்கத்து வாத்தியார் ஒருவர் வந்தார்; சிறு வயதிலேயே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்து ராஜபார்ட் வரை போனவர். பதினெட்டில் பதினொரு பேருக்குப் படிக்கத் தெரியாது. கான்வென்ட்டில் படித்தவள், உச்சரிப்பு நன்றாக இருக்கும் என்று சொல்லி, பாடம் படித்துக்காட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனை, குழந்தையும் கூட வரும். என் முதல் குழந்தை நாற்பத்தைந்தாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன். இவளுக்கு, லில்லிக்கு, அப்போது ஐந்து மாதம். இவளை யாரிடமும் விட்டு ஒரு அறை தாண்டி நான் போனதில்லை. இந்தக் கதையெல்லாம் சொல்லாமல், குழந்தை அழுதால் இடைஞ்சலாக இருக்குமே என்று மட்டும் வாத்தியாரிடம் இழுத்தேன். அவர் ஒரு தேயிலைப் பெட்டியைத் தானே தேடி எடுத்து, தூசி தட்டி, என் நாற்காலிக்கு இடப்பக்கம் தரையில் வைத்தார்.

“கொண்டாங்கம்மா. ஏழு வயசுல ஆத்தாவ விட்டுட்டு கம்பெனிக்கு வந்தவன் நான். அழுகைச் சத்தத்துல பாடம் பண்ணாத ராத்திரி எங்களுக்குக் கிடையாது.”

கடைசி வரிசை

பயிற்சி நடந்த இடம் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய பழைய கிடங்கு. சரக்கு வண்டி போனால் சுவரே பேசும். முதல் வாரம் முழுக்கக் குரல் பயிற்சி. ஒருவர் மேடையில் பேச வேண்டும், இன்னொருவர் கடைசி மூலையில் உட்கார்ந்து, காதில் விழுந்தால் கை தூக்க வேண்டும். பாடம் சொல்கிறவளும் தப்ப முடியாது என்று வாத்தியார் என்னையும் ஏற்றிவிட்டார். மூலையில் இருந்தவர் ஏழுமலை. வின்ச் ஓட்டுகிறவர், நாடகத்தில் ஆலை முதலாளி வேஷம்.

கன்னியாஸ்திரிகள் எனக்குப் பத்து வருஷம் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: பெண்பிள்ளை குரல் அடுத்த பெஞ்சைத் தாண்டக் கூடாது. நான் நாலு வரி சொன்னேன். கை தூக்கவில்லை. எட்டு வரி சொன்னேன். ஏழுமலை எழுந்து மெதுவாக நடந்து, பாதிக் கிடங்கு தாண்டி வந்து நின்றார்.

“டீச்சரம்மா, கப்பல் மேல நிக்கறவனை கூவற மாரி கூவணும். நீ இன்னாடான்னா மாதா கோயில்ல மண்டி போட்டுகினு கேக்கற மாரி கேக்கற.”

அழுகை வகுப்பு

மூன்றாவது வாரம் அழுகை. அவரவர் சொந்தத் துக்கத்தை நினைத்துக்கொண்டு அழ வேண்டும் என்றார் வாத்தியார். மூட்டை தூக்குகிற பெரிய உடம்புக்காரர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருவர் அழுதுகொண்டே, போதுமா என்று விரலிடுக்கில் பார்த்துக்கொண்டார். எல்லோரும் முடித்த பிறகு வாத்தியார் என் பக்கம் திரும்பி, படித்தவர்கள் எப்படி அடக்கி அழுவார்கள் என்று காட்டும்படி கேட்டார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது.

நான் எழுந்தேன். எழுந்ததும் என்னையறியாமல் பெட்டிப் பக்கம் போய்க் குனிந்து, லில்லியின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சுட்டது. நிமிர்ந்தபோது கிடங்கே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மன்றத்தில் இருந்த ஒரே நடிகை ராஜாம்பாள். ஊர்த் திருவிழாக்களின் ஸ்பெஷல் நாடகங்களில் இருபது வருஷம் தாய் வேஷம் கட்டியவர். வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர்தான் பேசினார்.

“உடு வாத்தியாரே. அழுது முட்ச்சவங்கள கூப்ட்டு இன்னொரு தபா அழுன்னா அது இன்னா பயிற்சி?”

இடப்பக்கம்

ஐந்தாவது வாரக் கடைசியில் முதல் ஒத்திகை. ஏழுமலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “இந்த ஆலையின் கதவு நாளைக் காலை” என்று முழங்கினார். நிறுத்தினார். தலையைச் சாய்த்து இடப்பக்கத் தரையை ஒரு பார்வை பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு, “திறக்காது” என்றார். வாத்தியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, கல்நெஞ்சனுக்கும் ஒரு தயக்கம் என்று. அடுத்து தொழிலாளர் தலைவர் வந்தார். அவரும் பாதி வரியில் நிறுத்தி இடப்பக்கத் தரையைப் பார்த்தார். போலீஸ்காரர் பார்த்தார். மாப்பிள்ளை பார்த்தார். ஐந்தாவது ஆள் பார்த்தபோது வாத்தியார் எழுந்துபோய் அந்த இடத்தில் தேள் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து தேடினார்.

படிக்கத் தெரிந்த ஏழு பேரும் பார்க்கவில்லை. என்னிடம் காதால் பாடம் கேட்ட பதினொரு பேரும் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் பெட்டியைப் பார்த்திருக்கிறேன், குழந்தையின் வயிறு ஏறி இறங்கும்வரை காத்திருக்கிறேன், பிறகு மூச்சுவிட்டு மிச்சத்தைச் சொல்லியிருக்கிறேன். அது எனக்கே தெரியாது. எனக்குக் காது மடல் வரை கூசியது. ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்கப் போனால், அவருக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்றே புரியவில்லை.

“நீ அங்க நிறுத்தி பாத்தே, நானும் நிறுத்தி பாத்தேன். பாடத்துல கீறத நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாமா டீச்சரம்மா?”

ராஜாம்பாள் எடுத்த முடிவு

கோடம்பாக்கத்துக்காரர் வர ஆறு நாள் இருந்தது. பதினொரு பேருக்கும் பாடத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும். குழந்தையை வீட்டில் விட்டு வர முடியுமா, இல்லையென்றால் வேறு யாரையாவது படிக்கச் சொல்லட்டுமா என்று வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டில் கணவர், போதும், நின்றுவிடு என்றார். நிற்பது எனக்குச் சுலபம்தான். ஆனால் நின்றுவிட்டால் மறுபடி அந்த ஒரே அறை, அந்த ஒரே தொட்டில், காலையிலிருந்து இரவு வரை ஒரு சின்ன வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. அப்படியே இருந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. குழந்தை என்ன ஆவாள் என்ற பயத்தோடு, நான் என்ன ஆவேன் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து படித்தேன். இன்னும் மோசம், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எதிரே பதினொரு கழுத்தும் பாடம் பண்ணத் தயாராகத் திரும்பியது. ராஜாம்பாள் ஒன்றும் கேட்கவில்லை. வந்தார், லில்லியைத் தூக்கி இடுப்பில் வைத்தார், கப்பல் காட்டிவிட்டு வருகிறேன் என்று வாசலைத் தாண்டிப் போய்விட்டார். நான் எழுந்து நாலடி வைத்தேன். பின்னால் ஏழுமலை தொண்டையைச் செருமினார். எல்லோரும் சம்மணம் போட்டுக் காத்திருந்தார்கள். காலையிலிருந்து சரக்கு இறக்கிவிட்டு, முகம் கழுவி, எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்தவர்கள். நான் உட்கார்ந்தேன். முதலாளியின் முழுப் பேச்சையும் சொன்னேன். தலைவரின் பேச்சைச் சொன்னேன். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் எழுந்து ஓடலாம் என்பது ஒன்றுதான் மனசில்.

ராஜாம்பாள் திரும்பி வந்தபோது லில்லி அவருடைய சவுரியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் விரலைக் கொண்டுபோனேன். அதைப் பிடித்து வாயில் போட்டுக் கடித்தாள்.

“உன் பொண்ணு உன்ன தேடவே இல்ல கண்ணு. நீதான் அத்த தேடிகினு கீற.”

கோடம்பாக்கத்துக்காரர்

வந்தார். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், இரண்டு சோடா. ஒத்திகை முழுவதும் பார்த்தார். ஒருவர் கூட இடப்பக்கம் பார்க்கவில்லை. ராஜாம்பாளை ஒரு தாய் வேஷத்துக்கு எடுத்துக்கொண்டார். ஏழுமலையைப் பார்த்து யோசித்தார். குரல் இருக்கிறது, ஆகிருதி இருக்கிறது, அடுத்த படத்தில் பார்க்கலாம் என்றார். ஏழுமலைக்கு அதுவே போதுமாயிருந்தது, மன்றத்தில் எல்லோருக்கும் டீ சொன்னார். காரில் ஏறுமுன் கோடம்பாக்கத்துக்காரர் வாத்தியாரைத் தனியாக அழைத்தார். நான் லில்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

“எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க சார். ஆனா எண்ணிப் பாத்தேன், பதினொரு பேரு மட்டும் ஏன் வூடு பத்தி எரியற மாதிரி மூச்சே விடாம பேசறாங்க?”

ஆறு வாரமாக நான் சொல்லிக்கொடுத்தது என் பயத்தைத்தான் என்றாலும், பதினொரு பேர் பங்கு போட்டுக்கொண்டதில் எனக்கென்று மிஞ்சியது கொஞ்சம் குறைந்துதான் போயிருக்கிறது.