ஒரு புள்ளிகூடக் குறையாமல்

எதுவும் குறையாமல் ஒன்றை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா? என் எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டால் தலையை நிமிர்த்தாமலே, "அவசரப்படாம இருந்தா முடியும்" என்பார். கையில் ஒரு டிவிடி இருக்கும். விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைப்பார். வேறு யாராவது வட்டமாகத் துடைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சு கிடையாது.

தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்குத் தெரியும் என்பது தெருவுக்குத் தெரியாது.

அலமாரியில் நானூற்றுப் பன்னிரண்டு டிவிடிகள். சில நடுவே திக்கித் திணற ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட முடிவு செய்தார். "சுருக்கி ஏத்துங்கப்பா. இடமும் மிச்சம், கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது" என்றான் மகன்.

"கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொல்றவங்களாலதான் என் கடையே ஓடுது" என்றார்.

ஆகவே சுருக்கம் இல்லை. டிவிடித் தட்டில் உள்ளது உள்ளபடியே ஏறும். ஏறி முடிந்ததும் கம்ப்யூட்டர் தட்டுக்கு ஒரு நீள எண்ணும் பிரதிக்கு ஒரு நீள எண்ணும் காட்டும். இரண்டும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போனால் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை என்று பொருள். அவருக்கு அதுவும் போதாது. அசலையும் பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு, மனைவியை அளந்த தூரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்வார்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"அவசரப்படாம சொல்லு."

"அடுப்புல பால் இருக்கு. அது பொங்கினா ஒரு கண்ணாலயே தெரியும்."

ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் எது அசல் என்ற கேள்வியோடு பெரிய புத்தகங்கள் பக்கம் பக்கமாக மல்லுக்கட்டுகின்றன. இந்த அம்மாள் அதைப் பால் பொங்கும் நேரத்துக்குள் முடித்துவிட்டு எழுந்து போவார்.

நானூற்றுப் பதினொன்று ஏறிவிட்டன. மிஞ்சியது கடையில் வாங்கியதல்ல. மனைவியின் அப்பா தபால்காரர். வீட்டில் அதிகம் பேசாதவர். ஓய்வுபெற்ற அன்று மேடையில் நாற்பது நிமிடம் பேசிவிட்டார். அதைப் பதிவு செய்து, மகள்கள் இருவருக்கும் ஆளுக்கொரு டிவிடி கொடுத்தார். இப்போது அவர் இல்லை. இவர்களிடம் இருந்த தட்டில் ஒரு கீறல். பதினோராம் நிமிடத்தில் நின்றது.

தட்டும் தன் கடை மூக்குக்கண்ணாடி லென்ஸும் ஒரே ரகப் பிளாஸ்டிக் என்பது இவருக்குத் தெரியும். லென்ஸுக்கு மெருகேற்றும் சக்கரத்தில் தட்டைக் கொடுத்தார். கீறல் போனது. சூட்டில் கூடவே மற்றதெல்லாம் போனது. தட்டு மோர் மாதிரி வெளுத்து வெளியே வந்தது. இப்படி ஒரு தப்பை, விஷயம் தெரிந்த ஒருவரால்தான் செய்ய முடியும்.

மனைவி திட்டவில்லை. தட்டை உறையில் போட்டு மூடி, "அப்பா குரல் போச்சு" என்றார். இரண்டு நாள் அவ்வளவுதான் பேச்சு.

இன்னொரு தட்டு மனைவியின் அக்கா வீட்டில் இருந்தது. அங்கேதான் சிக்கல். அக்கா கணவர் பஸ் ஓட்டியவர். நாலு வருஷத்துக்கு முன், சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில், "சகலை போட்ட கண்ணாடியில ரோடு ரெண்டா தெரியுது. நான் எதுல ஓட்டறது?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். அன்றோடு சகலைகள் இருவருக்கும் பேச்சு நின்றது.

"போன்ல அனுப்பறேங்கறா அக்கா" என்றார் மனைவி.

"போன்ல வந்தா சுருங்கித்தான் வரும். மாமா முகம் கட்டம் கட்டமா இருக்கும்."

"எங்கப்பா முகம் எனக்குத் தெரியும். குரல் வந்தா போதும்."

 மறுநாள் காலை அவர் சவரம் செய்துகொண்டு என் வாசலில் வந்து நின்றார். "பஸ்ல குலுங்கும். லேப்டாப்பை மடியில வச்சுக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.  போனேன். இதற்காக அவரைப் பெருந்தன்மைக்காரர் என்று சொல்ல மாட்டேன். சுருங்கிய பிரதி மீதுள்ள வெறுப்பே அவரை அங்கே இழுத்துப்போயிருக்கலாம்.

அக்கா வீட்டில் கதவைத் திறந்தவர் சகலையேதான். "வாங்க."

"டிஸ்க்கு விஷயமா வந்தேன்."

"தெரியும். போன்லயே அனுப்பியிருப்போமே."

"அது சரிப்படாது."

அக்கா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தட்டு சுழல ஆரம்பித்தது. எங்களுக்கு எதிரே சகலை, வேறு கடையில் வாங்கிய கண்ணாடியோடு. அது வலப்பக்கம் சரிந்திருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிப் பாக்காதீங்க சகலை. இதுலயும் ரோடு ரெண்டாத்தான் தெரியுது."

இவர் பார்வையைத் திரைக்குத் திருப்பினார்.

"கண்ணுலயே கோளாறாம். டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப வண்டி ஓட்டறதில்ல, டிப்போவுல சீட்டு எழுதறேன்."

"எப்ப சொன்னாரு?"

"ஆச்சு, மூணு வருஷம்."

"மூணு வருஷமா?"

"சொல்ல வரலாம்னுதான் இருந்தேன். கடை வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். உள்ள நீங்க யாருக்கோ கண்ணு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. நான் பக்கத்திலிருந்து திரையைப் பார்த்தேன். நூறு சதவீதம். கீழே இரண்டு நீள எண்கள், கடைசி இலக்கம்வரை ஒன்றாக. மாமனார் முழுசாக வந்து சேர்ந்துவிட்டார்.

"முடிஞ்சிருச்சா?" என்று சகலை எட்டிப் பார்த்தார்.

அடுத்து என் எதிர்வீட்டுக்காரர் செய்ததற்கு இன்றுவரை என்னிடம் காரணம் சொன்னதில்லை.

"இல்ல சகலை. இன்னும் நேரம் ஆகும்" என்று திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கிளம்பத் தயாராகத் தரையில் ஊன்றியிருந்த காலை எடுத்து நாற்காலியில் சம்மணமிட்டுக்கொண்டார்.