பத்தொன்பது நிமிடங்கள்

காலை ஐந்து நாற்பத்திரண்டு. நான் முதலில் பார்த்தது இரண்டு வெறுங்கால்களை. கணுக்காலுக்கு மேலே நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன.

அந்த நிமிடமே என் அறிக்கை தவறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அதைத் திருத்தவில்லை. இன்று வரை திருத்தவில்லை! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். அதற்கு முன் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். விபத்தோ தீயோ, மணி நிமிடத்தோடு எழுதிப் பழகியவன். "நேரம் குறிக்கத் தெரிந்த ஆள்" என்று சொல்லித்தான் மேலாளர் என் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். யார் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும். அவர்களுக்குத் தெரியக்கூடாது. மாடியில் கண்ணாடி அறை. வருகைப் பதிவு பார்க்கிறவன் என்றுதான் கீழே இருந்தவர்கள் என்னை நினைத்திருந்தார்கள்.

எனக்குச் சிக்கியவர் எஸ்தர். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பது வயதைத் தாண்டியவர்.

ஆறு மணிக்கு ஷிப்ட் மணி அடிக்கும். பத்து மணிக்கு டீ. அதற்குள் ஆளுக்கு நூறு கட்டுகள், நின்றபடியே முடிக்க வேண்டும். எஸ்தர் ஒன்பது நாற்பத்தொன்றுக்கே முடித்துவிடுவார். காலி பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, இன்னொன்றின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கையில் போன் கிடையாது. பேச்சும் கிடையாது. ஐந்து நாள் பார்த்தேன். ஐந்து நாளும் பத்தொன்பது நிமிடங்கள்.

படிவத்தில் 'வீண் நேரம்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் 19 என்று எழுதினேன். ஒருவரால் இவ்வளவு நேரம் மிச்சம் பிடிக்க முடிந்தால் எல்லோராலும் நூற்றெட்டு செய்ய முடியும் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். உட்கார இடமிருந்தால் உட்காரத் தோன்றும்... அதுவும் என் வரிதான்.

அடுத்த திங்கட்கிழமை பலகையில் 108 என்று இருந்தது. காலி கிரேட்டுகள் கிடங்குக்குப் போயின. கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை என் பைக் கிளம்பவில்லை. தொழிலாளர்களின் பேருந்தில் வந்தேன். அது ஐந்து நாற்பதுக்கே வாசலில் இறக்கிவிட்டுவிடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். எல்லோரும் கேன்டீன் பக்கம் போனார்கள். எஸ்தர் போகவில்லை. தன் மேசைக்குக் கீழே, செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அன்றைய வயர்களை நிறம் நிறமாகத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பஸ்ல வந்துகீறீங்க? வண்டி பேஜாரு பண்ணிச்சா?"

"இதை எத்தனை நாளா பண்றீங்க?"

"அது ஆவுது சார் ரெண்டு வருசம். பிரிச்சி வெச்சிக்கினா கை தேட வாணாம் பாரு. சீக்கிரம் முடிச்சிட்டு காலைத் தூக்கி வெச்சிக்கினு கொஞ்சம் குந்தியிருப்பேன். டாக்டரு அப்டித்தான் சொல்லிகீறாரு. இப்ப அதுவும் போச்சு." சிரித்தார். "எந்தப் புண்ணியவான் எழுதிக் குட்த்தானோ... அவன் காலு நல்லா இருக்கட்டும்!"

நான் என் ஷூவைப் பார்த்தேன்.

புரிகிறதா உங்களுக்கு? நான் கடிகாரத்தை ஆறு மணி அடித்ததும் ஓடவிட்டேன். அவர் ஐந்து நாற்பதுக்கே வேலையைத் தொடங்கியிருந்தார். இருபது நிமிடம் கொடுத்துவிட்டுப் பத்தொன்பதை எடுத்துக்கொண்டிருந்தார். வீண் நேரம் என்று ஒன்று அங்கே இருக்கவேயில்லை!

அன்றைக்கே மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு விபத்துச் செய்தியில் லாரியின் நிறத்தைத் தவறாக எழுதியதற்கு மறுநாளே திருத்தம் போடவைத்தவன் நான். இதற்கு ஏன் வாய் திறக்கவில்லை? அந்த வாரம்தான் என் பதவி உயர்வுக் கடிதம் கையெழுத்தாக வேண்டியிருந்தது. கடிதம் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். கடிதம் வந்தது. பிறகு... பிறகு என்ன? தாமதம் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டியிருந்தது.

இதற்குள் பழி வேறொருவர் மேல் விழுந்தது. பக்கத்து மேசை பவானி ஒருமுறை எல்லோர் காதிலும் விழும்படி, "இன்னாக்கா, மகாராணியாட்டம் குந்திக்கினு கீற!" என்று கிண்டல் செய்திருந்தாள். அவள்தான் மேலே போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று எஸ்தர் முடிவு செய்துவிட்டார். ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் நாஷ்டா தின்று வந்தவர்கள். இப்போது ஒருவர் பேருந்தின் முன்வாசலில் இறங்குகிறார், மற்றவர் பின்வாசலில்.

பவானி என்னிடம் வந்து அழுதாள். "நீங்களாவது அக்காகிட்ட சொல்லுங்க சார். நான் இன்னாத்துக்குப் போட்டுக் குடுக்கப்போறேன்?"

"விடும்மா, போகப்போகச் சரியாயிடும்" என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்!

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் படுக்க முடிவதில்லை. படுத்தால் மார்புக்குள் ஏதோ ஓடுகிறது. மனைவி சமையலை முடித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்தால் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது. ஏழு நிமிடம்... எட்டு... எதற்காக எண்ணுகிறேன்? யாரிடம் கொடுக்கப்போகிறேன்? ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்: "நான் உக்காந்தா உனக்கு இன்னா பண்ணுது?"

சென்ற மாதம் பெண்கள் பத்தொன்பது பேர் என் அறைக்கு வந்தார்கள். ஆமாம், பத்தொன்பதுதான். இரண்டு முறை எண்ணினேன். எஸ்தர் முன்னால் நின்றார். நூற்றெட்டை எட்டுவதற்காக எல்லோருமே இப்போது அவரைப் போல மணி அடிக்கும் முன் வயர் பிரிக்கிறார்கள். இருபது நிமிடம் போதவில்லை.

"நீங்க பேப்பர்ல எழுதினவரு சார். நல்லா எழுதுவீங்க. பஸ்ஸ இன்னும் கொஞ்சம் முன்னாடி வுடச் சொல்லி ஒரு லெட்டரு எழுதிக் குடுங்க."

பேனாவை எடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பத்தொன்பது முகங்கள் எதிரே இருந்தன. பவானி கதவோரம் நின்றிருந்தாள். ஒரு வாக்கியம் போதும்... நான் எழுதியது வேறு வாக்கியம். 'உற்பத்தி இலக்கை எட்டும் ஆர்வத்தில்' என்று தொடங்கினேன். ஒரு பிழையும் இல்லாத கடிதம். எஸ்தர் முதலில் கையெழுத்துப் போட்டார். பவானி கடைசியில் போட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மேலாளர் அன்றே அனுமதி கொடுத்தார்.

பேருந்து இப்போது ஐந்து இருபதுக்கே வாசலுக்கு வந்துவிடுகிறது.