அம்மாக்கண்ணுவின் கடனும் சிவசாமி கடை லிங்கும்

நோர்வூட் சிவசாமி கடைக்கு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் அம்மாக்கண்ணு பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் கடன். அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு அது.

சிவசாமி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மூட்டை தூக்கிய தோளிலேயே மாடிக்கடை எழுப்பியவர். கடைவீதியில் யாருக்கும் தோன்றாத யோசனை அவருக்குத்தான் தோன்றியது: வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு லிங்க். தொட்டால் சாமான் விலையும் அவரவர் பாக்கியும் தெரியும். பக்கத்தைச் செய்தவள் மருமகள் சர்மிளா. இரகசிய நம்பர் அடித்துத் திறக்கிற மாதிரி வைக்கலாம் என்று அவள் சொன்னாள். "கொழுந்து கிள்ளுன கையோட எங்கேம்மா நம்பர் அடிக்கிறது? ஒரே தட்டுல வரணும்," என்றுவிட்டார் இவர். அதனால் பேரும் பாக்கியும் லிங்கின் எழுத்திலேயே ஏறிக்கொண்டன.

கோதுமை மா விலை குறைந்த அன்று, நல்ல சேதியாயிற்றே என்று, அம்மாக்கண்ணு தன் லிங்கை அப்படியே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களின் வாட்சப் குழுவில் போட்டுவிட்டாள். மா விலையோடு அவள் கடனும் வீடு வீடாகப் போய் இறங்கியது. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், "பதினெட்டாயிரம் வர்றாங்க, வழி விடுங்கடி!" என்றாளாம் ஒருத்தி.

அதோடு அம்மாக்கண்ணு கடைப் பக்கமே வரவில்லை. எதிர்க்கடை மூக்கனிடம் கைக்காசுக்குச் சீனி வாங்கிப் போவதைக் கல்லாவிலிருந்து பார்த்தார் சிவசாமி. கடை திறந்த அன்று முதல் போணி செய்தவள் அவள். பணம் போனால் சம்பாதிக்கத் தெரிந்த மனுஷர்தான். இப்படி ஒருத்தியை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

"சர்மிளா, பேரு வெளிய தெரியாம அனுப்ப வழியே இல்லியாம்மா?"

"இருக்கு மாமா. இப்ப போஸ்ட் கார்டுல எழுதுன மாதிரி போற வழியெல்லாம் படிக்கலாம். உறைக்குள்ள போட்டு ஒட்டியும் அனுப்பலாம். ஆனா நம்பர் அடிக்கணும்."

"அடிக்கட்டும். சொல்லிக்குடுக்க நா இல்ல?"

"நீங்களா?" சர்மிளாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பழைய லிங்குகளை அவள் செத்துப்போகச் செய்தாள். இப்போது எல்லோருக்கும் ஒரே லிங்க். அதில் கடையின் பேர் மட்டும். திறந்து, போன் நம்பரும் இரகசிய நம்பரும் அடித்து, 'என் பாக்கி' என்ற நீல எழுத்தைத் தொட வேண்டும். அடித்ததெல்லாம் லிங்கின் எழுத்தில் ஒட்டாமல் உள்ளுக்குள்ளேயே போய்ச் சேரும். சிவசாமி தன் பேரில் ஒரு கணக்குப் போட்டு, பாக்கியைத் திறந்து, அந்த லிங்கை மூக்கனுக்கே அனுப்பிப் பார்த்தார். மூக்கனுக்குப் போனது வெறும் விலைப்பட்டியல்தான்.

பிறகு லயத்துக்குத் தானே ஏறிப் போனார்.

"தப்பு எம்மேலதான் தங்கச்சி. மருமக அப்பவே சொன்னிச்சு, நாந்தான் கேக்கல."

அம்மாக்கண்ணு அவர் நீட்டிய போனை வாங்கி மேலும் கீழும் தேடினாள். "எம்பேரக் காணோமே," என்றாள். தேத்தண்ணி மட்டும் கொடுத்தாள். கடைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

சீட்டுப் பணம் விழுந்த சனிக்கிழமை, அதைக் கையில் பிடித்தபடி வந்தாள். கடை நிறைய ஆட்கள்.

"உள்ள வா தங்கச்சி, தனியா வாங்கிக்கிறேன்," என்று கிசுகிசுத்தார் சிவசாமி.

"எதுக்குண்ணே? கடன ஊரே பாத்துச்சு. குடுக்கிறதயும் பாக்கட்டும். கைய நீட்டுங்க."

நீட்டினார். விரித்த உள்ளங்கையில் அவள் ஒவ்வொரு தாளாக, கடைக்கே கேட்கும்படி எண்ணி எண்ணி வைத்தாள், கடைசி நானூறு வரைக்கும்.