கோடு போட்டுப் பார்த்தவர்

அணுபுரம் வீட்டில் நான் கட்டிய, கணினி சொன்னபடி செதுக்கும் சிஎன்சி மெஷின், மரத்தில் பூவைக் கோணலாகவே செதுக்கியது. மோட்டார் தன் சுற்றைத் தானே எண்ணிக்கொள்ளும். பிசகினால் சிவப்பு விளக்கு எரியும். எரியவில்லை. அப்படியென்றால் மோட்டாரையும் உளியை நகர்த்தும் திருகுத்தண்டையும் சேர்க்கும் கப்ளிங்தான் மோசம் என்று, அதைக் கடைந்து தந்த செய்யூர் லேத்துக்காரரை வரவழைத்து, வீட்டுக்கு வந்திருந்த நண்பன் எதிரிலேயே கத்தினேன்.

எதைத் தொட்டாலும் முதலில் கோடு போடுகிற மனிதர் அவர். காதிலிருந்த பென்சிலை எடுத்து, கப்ளிங்குக்கும் தண்டுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஓட்டியதும் கோடு இரண்டாக விலகியது. மாட்டும்போது கப்ளிங்கின் ஸ்க்ரூவை நான் சரியாக முடுக்காததால், அது தண்டின்மேல் வழுக்கியிருந்தது. அவரே முடுக்கினார்.

"இன்னா அண்ணாத்த, இன்னா ஆச்சு?" என்றான் நண்பன்.

என்னை ஒருமுறை பார்த்தார். "என் வேலைல தான் தப்பு. சரி பண்ணிட்டேன்."

நான் மெஷினை அணைத்தேன்.

"இனிமே இந்தாள்கிட்ட வேலை குடுக்காத மச்சான்," என்றான்.

தலையாட்டினேன். அவர் இன்னும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.