சுலைமான் பாயும் குங்குமம் வைத்த ஃபயர்வாலும்

செய்தி வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் பெரியபாளையம் தாண்டிக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் தேவி போனில் அழுதாள். "மேடம், சுலைமான் பாய் போயிட்டாரு." "எங்கே போயிட்டாரு?" என்று கேட்டேன். என்னைச் சொல்லிக் குற்றமில்லை. கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அந்த மனிதர் எப்போது பார்த்தாலும் எங்காவது போய்க்கொண்டுதான் இருப்பார். "நெஞ்சு வலியாம் மேடம், காலைல, ஊட்லயே" என்றாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். இறங்கி என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் ரோட்டோரமாக நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதினாலாவது அடங்குமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சுலைமான் பாய் நம் ஃபவுண்டரியின் கம்ப்யூட்டர், நெட்வொர்க், மெயில் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். என் வயதுதான் இருக்கும். அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவரைத் தவிர எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நின்றுகொண்டே டைப் அடிப்பார், நடந்துகொண்டே டீ குடிப்பார், அதிலும் பாதி டீ எங்காவது ஜன்னலில் ஆறிக் கிடக்கும். "உக்காந்தா மூளைக்குத் தூக்கம் வந்துடும் மேடம்" என்பார். மேடம் என்று ஆரம்பித்து 'நீ' என்று முடிப்பது அவர் பழக்கம். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அது இல்லாவிட்டால்தான் கோபம் வந்தது.

நான் எக்ஸ்போர்ட் பிரிவில். ஜெர்மனியிலிருந்து ஒரு பம்பு கம்பெனி முதல்முறையாக நம்மிடம் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தது. வரைபட ஒப்புதல், சோதனைச் சான்று, அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் என்று எல்லாமே மெயிலில்தான். அந்த வருடம் ஆயுதபூஜை முடிந்து, பொரி கடலை வாசனை இன்னும் ஆபீஸில் இருக்கும்போதே, அவர்களிடமிருந்து பதில் வருவது நின்றது. வந்ததெல்லாம் 'ஏன் பதில் இல்லை' என்ற மெயில்தான். நான் மறுபடி அனுப்பினேன். மறுபடியும் 'ஏன் பதில் இல்லை.' ஒருநாள் அவர்கள் நேராக நம் ஜி.எம்.முக்கே போன் போட்டு, இப்படியே போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். "அனுப்பினேன் சார்" என்றேன். "அவன் மெயில் நமக்கு வருது. நம்ம மெயில் மட்டும் வழியில எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? வரும் வழி இருந்தால் போகும் வழியும் இருக்கத்தானே வேண்டும்? வேலையைச் செய்யாமல் செய்ததாகப் பொய் சொல்கிறேன் என்று முடிவாகிவிட்டது. பீரோ சாவியை ஒப்படைத்துவிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருக்கச் சொன்னார். என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடியிருந்த நேரம். திருவள்ளூரில் வீட்டு வாடகையும் பிள்ளை ஸ்கூலும் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் வேலை போவதைவிட, பொய்க்காரி என்ற பெயரோடு போவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளிடம் சுலைமான் பாய் வந்தார். "அனுப்பினியா மேடம்?"

"அனுப்பினேன்."

"சரி. ஒரு மெயில் என் சொந்த ஐடிக்குப் போடு."

அவ்வளவுதான். மற்றவர்கள் மூன்று விதமாக, நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். இவர் ஒரே தடவை கேட்டார். மெயில் போட்டேன். ஒவ்வொரு மெயிலுக்கும் பின்னால், அது எந்த வழியாக வந்தது என்று பொடி எழுத்தில் நீளமாக இருக்கும். நாம் யாரும் பார்ப்பதில்லை. அவர் அதைத் திறந்து பார்த்தார். "அட பேஜாரே" என்றார். அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னன்னு சொல்லிட்டு நட பாய்!" என்று கத்திவிட்டேன்.

"எளாவூர் செக்போஸ்ட் தெரியுமில்ல? நம்ம கம்பெனி லாரி எல்லாத்துக்கும் ஒரே நம்பர் பிளேட்டுன்னு வெச்சுக்க. அதுல ஒரு லாரில எவனோ சாராயம் கடத்திட்டான். அப்புறம் அதே நம்பர்ல நீ சொக்கத் தங்கமா சரக்கு ஏத்திக்கினு போனாலும் உடுவானா? ஓரம் கட்டிடுவான். உனக்குத் தகவலும் சொல்ல மாட்டான்."

ஃபயர்வால் என்பது நம் ஆபீஸின் வாசற்படி. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் வெளியே போகும்போது அது ஒரு முகவரியை மாட்டி அனுப்புகிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு முகவரி. ஸ்டோர்ஸில் ஒரு கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்து, நமக்கே தெரியாமல் ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பொது முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. என் மெயிலும் அதே முகவரியை மாட்டிக்கொண்டு போனதால், ஜெர்மனிக்காரர்களின் சர்வர் சத்தம் போடாமல் குப்பையில் போட்டிருக்கிறது. உள்ளே வரும் மெயிலுக்கு வேறு விதி. அதனால் அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

"ஆனா மெயில் சர்வருக்குன்னு தனி முகவரி நான் போட்டேனே, போன கோடையிலயே போட்டேனே" என்று சொல்லிக்கொண்டே சர்வர் ரூமுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஃபயர்வால் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அவர் திரையைப் பார்த்தார், அந்தக் குங்குமத்தைப் பார்த்தார், அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பயமாகிவிட்டது.

நடந்தது இதுதான். அந்தத் தனி முகவரி விதியை அவர் டைப் செய்திருக்கிறார். செய்த உடனேயே அது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆனால் சேவ் செய்யவில்லை. மின்சாரம் போகாத வரை அது நிற்கும். பெட்டியை அணைத்தால் போய்விடும். யூ.பி.எஸ்ஸில் இருந்ததால் மாதக்கணக்கில் அணையவே இல்லை. ஆயுதபூஜை அன்று நம் ஃபவுண்டரியில் என்ன வழக்கம்? உலையிலிருந்து கால்குலேட்டர் வரை எதுவும் ஓடக்கூடாது, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பூஜை. அன்று யூ.பி.எஸ்ஸும் ஓய்வெடுத்தது. மறுநாள் பெட்டி எழுந்தபோது பழைய விதியோடு எழுந்திருக்கிறது.

உடனே எழுந்து வேலையைப் பார்த்தார். மெயில் சர்வர் வெளியே போகும்போது அதற்கே உரிய முகவரியோடுதான் போக வேண்டும், வேறு எந்தக் கம்ப்யூட்டரும் நேராக வெளியே மெயில் அனுப்பக்கூடாது என்று விதி போட்டு, சேவ் செய்தார். அந்த முகவரியைத் தேடினால் நம் மெயில் சர்வரின் பெயர்தான் வர வேண்டும் என்று இன்டர்நெட் கம்பெனிக்காரனோடு போனில் சண்டை பிடித்தார். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிக் கையோடு எடுத்து வந்துவிட்டார். அடுத்து அனுப்பிய மெயிலுக்கு ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். மெயில் போகிறது, யாருக்கும் எதுவும் தெரியாது. 'லைன் கோளாறு சார்' என்றால் ஜி.எம். தலையாட்டியிருப்பார். ஆனால் என்மேல் விழுந்த பெயர் அப்படியே இருந்திருக்கும். சுலைமான் பாய் என்னையும் அழைத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனார். "சார், வசந்தி மேடம் எல்லா மெயிலும் அனுப்பினாங்க. போய்ச் சேராம பண்ணது நானு" என்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஜி.எம்.முடைய முகம் மாறியது. "அப்ப பூஜை போட்டதாலதான் கெட்டுப்போச்சுன்னு சொல்ற?"

அறையில் இருந்த எல்லோரும் சுலைமான் பாயையே பார்த்தார்கள். எதற்காக அப்படிப் பார்த்தார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"பூஜைல இன்னா சார் தப்பு? அந்தப் பெட்டிக்குக் குங்குமம் வெச்சதே நான்தான். சேவ் பண்ணாதது என் தப்பு" என்றார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

என் சாவி திரும்பக் கிடைத்தது. ஆர்டரும் கைவிட்டுப் போகவில்லை. அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய மேனேஜர் பதவி மட்டும் சென்னையிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். நான் போய் அவரோடு சண்டை போட்டேன். "எல்லாத்தையும் ஒளறணுமா? பாதியை முழுங்கியிருக்கக்கூடாதா?" "அட போ மேடம், நீ பொய் சொல்றேன்னு ஊரே பேசும், நான் கேட்டுக்கினு பிரியாணி துன்னுவேனா?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அடுத்த ஆயுதபூஜையில் நீங்களும் இருந்தீர்கள். ஐயர் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சில் கை வைத்திருக்கிறார். "சாமி, ஒரு நிமிசம், ஒரே நிமிசம்" என்று இவர் சர்வர் ரூமுக்குள் ஓடினார். சேவ் செய்துவிட்டு வந்து, தட்டிலிருந்து பொரியை அள்ளிக்கொண்டு, "இப்ப ஏத்துங்க" என்றார். ஜி.எம்.மே சிரித்துவிட்டார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் பழவேற்காட்டுக்குப் போனேன். பெண்கள் நிறைந்த அறையில் அவர் மனைவி ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அவரோட ஆபீஸ்தானே? எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்த மேனேஜர் வேலை ஏன் அவருக்குக் குடுக்கல? கேட்டா சிரிச்சுக்கினே போயிடுவாரு. வேலையில எதுனா கெட்ட பேரு எடுத்தாரா?" இத்தனை வருடம் அந்தக் கேள்வியோடு அந்தப் பெண் இருந்திருக்கிறார். நான் சொன்னேன். அவர் செய்த தவறைச் சொன்னேன். அதை மறைக்க வழி இருந்தும், எனக்காக ஜி.எம். முன்னால் நின்று சொன்னதையும் சொன்னேன். ரஹ்மத் அழவில்லை. திரும்பி, மூலையில் இருந்த மாமியாரைக் கூப்பிட்டார். "மாமி, இங்க வாங்க. அக்கா சொல்றதைக் கேளுங்க." என்னைப் பார்த்து, "முதல்லேருந்து சொல்லுங்கக்கா" என்றார். முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைத் தடவிவிட்டு, அப்புறம்தான் வாய்விட்டு அழுதார்.

சுலைமான் பாயிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று யோசித்தேன். அவர் போட்டோகூட என்னிடம் இல்லை. வசந்தி சொன்னால் உண்மையாக இருக்கும் என்று இந்த ஆபீஸில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது நான் சம்பாதித்தது இல்லை, அவர் மீட்டுக் கொடுத்தது. இன்று காலையும் ஜெர்மனிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். கீழே என் பெயரைப் போட்டபோது கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அனுப்பினேன்.