லித்தியத்தோடு பதின்மூன்று ஆண்டுகள்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கோடை விடுமுறையில் எனக்குத் தூக்கம் தேவையில்லாமல் போனது. இரண்டு மணி நேரம் படுத்தால் போதும், உடம்பில் சோர்வே இருக்காது. கீழ்பென்னாத்தூரில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். என் பேச்சின் வேகத்துக்குக் கணவர் முருகேசனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் நான்கு வயது மகள் கயல்விழியோடு திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறினேன். மலையைச் சுற்றினேன். முடித்ததும் மறுபடி சுற்றினேன். இருவர் காலிலும் செருப்பில்லை.

மலை என்னோடு பேசுவதாக எதிரே வந்தவர்களிடம் சொன்னேன். வேறு ஊராக இருந்தால் யாராவது பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். இங்கே காலில் விழுந்தார்கள். சுற்றும் வழியில், அடி அண்ணாமலையில், ஒரு பெண் தன் கைக்குழந்தையை என் கையில் கொடுத்து ஆசி கேட்டாள். பக்கத்தில் என் குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது யார் காதிலும் விழவில்லை. என் காதிலும்தான்.

கணவர் தனியார் பேருந்தில் நடத்துனர். உறவினர் வீடுகளில் எல்லாம் தேடி ஓய்ந்தவருக்கு, மறுநாள் மதியம் தெரிந்த பயணி ஒருவர் சொல்லித்தான் நாங்கள் இருக்குமிடம் தெரிந்தது. கயலின் உள்ளங்கால்களில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. அவளை அவர் தூக்கியபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார். மனநல மருத்துவர், வயதான அம்மையார். இது இருதுருவ மனநோய் (மனம் சில காலம் அளவு மீறி ஏறும், சில காலம் அளவு மீறி இறங்கும் நோய்) என்றார்.

“சாமி வந்ததா இருக்குமாங்க?” என்று கணவர் கேட்டார்.

“சாமியா இருந்தா கொழந்தைக்குத் தண்ணி குடுத்திருக்கும்” என்றார் மருத்துவர்.

லித்தியம் (மனநிலையைக் கட்டுக்குள் வைக்கும் உப்பு வகை மருந்து) தொடங்கினார்கள். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. அடிக்கடி பரிசோதனை செய்ய வேண்டும்.

பிறகு இறக்கம் வந்தது. எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கயலுக்குத் தலை வாரக்கூட கை எழவில்லை. காலில் விழுந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

வேலைக்குத் திரும்பியபோது கரும்பலகையில் எழுதும் கை நடுங்கியது; லித்தியத்தின் பக்கவிளைவு. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். ஏழே வாரத்தில் மறுபடி வேலூர். இம்முறை கயல் என்னைப் பார்க்க வார்டுக்குள் வர மறுத்துவிட்டாள். இதைப் படிக்கும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கை நடுங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள், நடுக்கமும் குறைந்தது.

அதன்பின் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் நல்ல நாள் எதையும் நான் நம்புவதில்லை. உற்சாகம் வந்தால் காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பதுபோல் என்னையே தொட்டுப் பார்க்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் கயலின் பிளஸ் டூ முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். நெஞ்சுக்குள் ஏதோ கிளம்பியது. பயந்துபோய் கணவரிடம் ஓடினேன்.

“எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குதுங்க. இவ்ளோ இருக்கலாமா?”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இருக்கலாம். எனக்கும் அவ்ளோதான் இருக்குது.”

அன்று மாலை முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தபோதெல்லாம் நானும் சிரித்தேன்.